கடனைவிட நெடுநாள் வாழும் வீடு: புயல் தாங்கும் கூட்டுப் பலகைக் கட்டுமானம் குறித்து ஒரு பாடம்

மேலைக் கடற்கரையைப் பெரும்புயல் அண்டாது என்பது திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் அந்த நம்பிக்கை தகர்ந்தது. குமரிமுனைக்குத் தெற்கே கடந்து அரபிக்கடலுள் நுழைந்த ஒக்கி புயலில், பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய கடலோர ஊர்களிலிருந்து மீன்பிடிக்கச் சென்ற பலர் வீடு திரும்பவில்லை. அந்த இழப்பை எந்தக் கட்டட நுட்பமும் ஈடுசெய்யாது. ஆயினும், கரையில் எஞ்சி நிற்கும் குடும்பத்துக்கு மேலே ஒரு கூரை உறுதியாக நிற்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னர் இக்கடற்கரையில் வலுப்பெற்றது.

வீட்டுக் கடன் பெறுவோர் இதனை ஒரு கணக்காகவும் காண்பது நன்று. எடுத்துக்காட்டாக, 8 லட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 7,200 ரூபாய் ஆகும். ஏழு ஆண்டுகள் தவறாது செலுத்திய பின்னரும் ஏறத்தாழ 6 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் அசல் நிலுவையில் இருக்கும். தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே செல்வது இதற்குக் காரணம். அந்த ஏழாம் ஆண்டில் கூரையைக் காற்று கொண்டுபோனால், வீடின்றிக் கடன் மட்டும் நிற்கும். ஆகவே, வீட்டின் ஆயுள் கடனின் ஆயுளை விஞ்சி நிற்க வேண்டும் என்பதே எளிய வீடு கட்டுவோர் கொள்ள வேண்டிய முதல் அளவுகோல்.

இந்நோக்கில், 'பேனல்' என்று கட்டடத் தொழிலாளர் வழங்கும் கூட்டுப் பலகையால் அமையும் வீடுகளைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். அவை யாவை, புயலை எவ்வாறு தாங்குகின்றன, எங்கே தவறுகின்றன என்பவற்றை அறிந்த பின்னரே கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடுவது அறிவுடைமை.

காற்று கூரையை என்ன செய்கிறது?

காற்று வீட்டைத் தள்ளுகிறது என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். உண்மையில் அது தள்ளுகிறது, இழுக்கிறது, தூக்குகிறது. எதிர்ப்படும் சுவரைத் தள்ளுகிறது. பின்சுவரையும் பக்கச் சுவர்களையும் வெளியே இழுக்கிறது. கூரையின் மேல் விரைந்து செல்கையில் அதனை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. சன்னல் உடைந்தாலோ கதவு திறந்துகொண்டாலோ உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் கூரையைத் தூக்கும். இரண்டும் சேரும் கணத்தில்தான் பெரும்பாலான கூரைகள் பறக்கின்றன.

இதன் அளவைக் கணக்கிடுவது அரிதன்று. காற்றுச் சுமை பற்றிய இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, திருவனந்தபுரத்துக்கு நொடிக்கு 39 மீட்டர் என்ற அடிப்படைக் காற்று வேகத்தைக் குறிக்கிறது. இது மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். அவ்வாறு பெருக்க 912 வருகிறது. அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை. சென்னைக்குரிய 50 மீட்டர் வேகத்தில் அதுவே 153 கிலோகிராம் ஆகிறது. வேகம் நான்கில் ஒரு பங்கு கூடினால் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

இனி 6 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு தகரக் கூரையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 30 சதுர மீட்டர். மேலே குறித்த அழுத்தம் முழுவதும் கூரையைத் தூக்குவதாகக் கொண்டால், தூக்கும் விசை ஏறத்தாழ 2.8 டன். தகரமும் அதனைத் தாங்கும் சட்டங்களும் சேர்ந்து 300 கிலோகிராம் எடை இருக்கலாம். எஞ்சிய 2.5 டன்னை எது பிடித்து நிறுத்தும்? போல்ட்டும் திருகும் சுவரில் பதித்த கம்பியுமே. நான்கு மூலைகளில் மட்டும் கூரையைக் கட்டியிருந்தால் ஒவ்வோர் இணைப்பும் 600 கிலோகிராமுக்கு மேல் தாங்க வேண்டும்; பத்து இடங்களில் கட்டியிருந்தால் 250 கிலோகிராம் போதும். கூரையின் விளிம்பிலும் மூலையிலும் உறிஞ்சல் இன்னும் மிகுதியாதலால் அவ்விடங்களில் இணைப்புகள் நெருக்கமாக இருத்தல் வேண்டும்.

இப்பாடத்தின் மையம் இதுவே. தூக்கும் விசை கூரையிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து அடித்தளத்துக்கும், அடித்தளத்திலிருந்து மண்ணுக்கும் அறுபடாது இறங்க வேண்டும். அது ஒரு சங்கிலி. அதன் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியின் வலிமையே.

பூந்துறையில் ஒரு முன்னோடி முயற்சி

இச்சிக்கலுக்குத் திருவனந்தபுரம் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு விடையைக் கண்டது. இந்நகரை வாழ்விடமாகக் கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், 1970களின் நடுப்பகுதியில் பூந்துறைக் கடற்கரையில் மீனவர் குடியிருப்பு ஒன்றை அமைத்தார். காற்றை எதிர்த்து நிற்கும் உயரமான சுவர்களை அவர் நாடவில்லை. தாழ்ந்த சரிவுக் கூரை, துளைகள் விட்டு அடுக்கிய செங்கற்சுவர், ஒன்றையொன்று மறைக்காது விலகி நிற்கும் வீடுகள் ஆகியவற்றின் வழியே காற்று புகுந்து வெளியேற இடம் தந்தார். உள்ளே புகுந்த காற்று வெளியேறவும் வழி இருப்பின், கூரையைக் கீழிருந்து தூக்கும் அழுத்தம் குறையும்.

1985இல் முன்னாள் முதல்வர் சி. அச்சுத மேனன், பொருளியல் அறிஞர் கே.என். ராஜ், டி.ஆர். சந்திரதத் ஆகியோருடன் பேக்கரும் இணைந்து உருவாக்கிய காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு அவ்வழியை இன்றும் தொடர்கிறது. குறைந்த செலவு என்பது குறைந்த தரம் அன்று, வீணைத் தவிர்த்தலே என்பது அம்மரபின் கொள்கை. கூட்டுப் பலகையை நாம் மதிப்பிடும்போதும் இக்கொள்கையையே உரைகல்லாகக் கொள்ளலாம்.

கூட்டுப் பலகை என்பது யாது?

கடையில் பொருள் கட்டி வரும் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பாருங்கள். இருபுறமும் மெல்லிய தாள். நடுவே அலையலையாக மடித்த தாள். தனித்தனியே எடுத்தால் மூன்றும் விரலால் மடங்கும். ஒட்டியபின் அதே தாள்கள் பெரும் எடையைத் தாங்குகின்றன. இரு முகத்தாள்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்பதும், நடுத்தாள் அவற்றை வழுக்காது பிணைத்திருப்பதும் இதற்குக் காரணங்கள். கூட்டுப் பலகையின் இயல்பும் இதுவே. உறுதியான இரு முகப்புத் தகடுகள், அவற்றை இணைக்கும் எடை குறைந்த நடுப்பகுதி. முகப்பு எஃகாகவோ, சிமெண்ட் பலகையாகவோ, ஜிப்சமாகவோ இருக்கலாம். நடுப்பகுதி நுரைப்பொருளாகவோ, எடை குறைந்த கான்கிரீட்டாகவோ, வெற்றறைகளாகவோ இருக்கலாம்.

இப்பலகைக்கு இன்னொரு பயனும் உண்டு. பின்பலகை இல்லாத அலமாரியைப் பக்கவாட்டில் தள்ளினால் அது சாயும். பின்பலகையை ஆணியடித்துப் பொருத்தியவுடன் அசையாது நிற்கும். கம்பமும் உத்தரமும் மட்டும் கொண்ட சட்டகத்தைப் புயல் அவ்வாறே சாய்க்கிறது. சட்டகத்தோடு இறுகப் பிணைந்த பலகை அச்சாய்வைத் தடுக்கிறது. 'இறுகப் பிணைந்த' என்ற சொல்லை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். ஆணி தளர்ந்த பின்பலகை இருந்தும் பயனில்லை.

உரக் கழிவிலிருந்து சுவர்

கேரளத்துக்கு மிக அருகில் உருவான முறையை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பாஸ்பேட் உரம் தயாரிக்கும்போது பாஸ்போஜிப்சம் என்னும் கழிவு குன்றுகளாகக் குவிகிறது. அதனைச் சுட்டுப் பதப்படுத்தி, கண்ணாடி இழையைச் சேர்த்துப் பலகையாக வார்க்கும் நுட்பம் ஆஸ்திரேலியாவில் தோன்றியது. கொச்சிக்கு அருகிலுள்ள அம்பலமேட்டில், ஃபாக்ட், ஆர்.சி.எஃப். ஆகிய இரு பொதுத்துறை உர நிறுவனங்கள் கூட்டாக இதற்கென ஓர் ஆலையை அமைத்தன. இந்தியச் சூழலுக்கேற்ப இப்பலகையால் முழுக் கட்டடத்தையும் வடிவமைக்கும் முறையைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆய்ந்து வகுத்தது. 2013இல் அக்கழக வளாகத்தில் நான்கு குடியிருப்புகள் கொண்ட இரண்டு தள மாதிரிக் கட்டடம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் எழுந்தது.

ஒரு பலகை 12 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் 124 மில்லிமீட்டர் தடிமனும் உடையது. உள்ளே 25 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெற்றறைகள் மேலிருந்து கீழாகச் செல்கின்றன. எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 44 கிலோகிராம். ஒன்பது அங்குலச் செங்கற்சுவரின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. தேவையான அளவுக்கு ஆலையிலேயே அறுத்து, கதவு சன்னல்களுக்கு இடம் விட்டு, லாரியில் ஏற்றி வந்து, கிரேன் கொண்டு நிறுத்துகின்றனர்.

எடை குறைவு என்பது புயலைப் பொறுத்தவரை இருமுனைக் கத்தி. அடித்தளச் செலவு குறையும். நிலநடுக்கத்தில் தாக்கம் குறையும். ஆனால் காற்று தூக்கும்போது வீட்டைத் தன் எடையாலேயே அழுத்திப் பிடிக்கும் வசதியும் குறைந்துவிடுகிறது. இங்கேதான் அந்த வெற்றறைகள் உதவுகின்றன. அடித்தளத்தின் மேல் அமையும் பிளிந்த் பீமிலிருந்து இரும்புக் கம்பிகள் மேல்நோக்கி நீண்டிருக்கும். பலகையை அவற்றின் மேல் இறக்கி, வடிவமைப்பு கூறும் அறைகளில் கம்பியும் கான்கிரீட்டும் நிரப்புகின்றனர். சுவரின் தலைப்பில் ஒரு கான்கிரீட் விட்டம் சுற்றிவரும். தளப் பலகைகளின் சில அறைகளைத் திறந்து கம்பியிட்டு, மேலே வலைக்கம்பியோடு கான்கிரீட் பரப்பி, அனைத்தையும் அவ்விட்டத்தோடு பிணைக்கின்றனர். இவ்வாறு கூரைத் தளம், சுவர், அடித்தளம் மூன்றும் ஒரே பெட்டியாகின்றன. நாம் மேலே கூறிய சங்கிலி இப்போது முழுமை பெறுகிறது.

இதற்கு எல்லைகளும் உண்டு. மேல்தளச் சுவர் கீழ்தளச் சுவரின் நேர்மேலே வர வேண்டும். பெரிய அகலமுள்ள கூடங்களுக்கு இம்முறை ஏற்றதன்று. குடிபுகுந்த பின் நினைத்த இடத்தில் சுவரை உடைத்துச் சன்னல் வைக்க இயலாது. குளியலறையிலும் சுவரின் அடிவரிசையிலும் நீர்க்கசிவுத் தடுப்பைச் செம்மையாகச் செய்தாக வேண்டும். கிரேன் நுழைய முடியாத சந்தில் இது பொருந்தாது. ஆலையிலிருந்து பலகை கிடைக்கும் காலத்தையும் லாரி வாடகையையும் முன்கூட்டியே உறுதி செய்யாமல் அடித்தளம் தோண்டலாகாது.

பிற முறைகள்

2021ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஆறு நகரங்களில் கலங்கரை விளக்க வீட்டுத் திட்டங்களுக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஒவ்வொரு நகரிலும் ஒரு மாற்றுக் கட்டுமான முறையைக் கையாண்டு பார்ப்பது அவற்றின் நோக்கம். இந்தூரில் எஃகுச் சட்டகத்தோடு முன்தயாரித்த சாண்ட்விச் பலகைகள். அகர்தலாவில் மெல்லிய எஃகுச் சட்டகம். சென்னை பெரும்பாக்கத்தில் ஆலையில் வார்த்த கான்கிரீட் உறுப்புகள். பெரும்பாக்கத்தின் 1,152 வீடுகள் 2022 மே மாதம் திறந்துவைக்கப்பட்டன.

மெல்லிய எஃகுச் சட்டகத்தின் இருபுறமும் பலகை பொருத்தும் முறை கடலோரத்தில் தனிக் கவனம் கோருகிறது. உப்புக்காற்று எஃகை அரிக்கும். ஆகவே, சட்டகத்தின் துத்தநாகப் பூச்சு எவ்வளவு தடிமனானது எனக் கேட்டறிய வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் என்பது பரவலாக வழங்கும் ஓர் அளவு. அலைத்துளி படும் தொலைவில் இதனினும் கூடுதலான காப்பு தேவைப்படலாம். சட்டகத்துக்கு நல்ல பூச்சு இருந்தும் திருகு சாதாரணமானதாக இருந்தால், அரிப்பு திருகிலிருந்து தொடங்கும். திருகு மெலிந்த ஆண்டில் வரும் புயல், பலகையைப் பெயர்த்தெடுக்கும். சுவருக்குள் மறைந்திருப்பதால் வீட்டாருக்கு அதுவரை எதுவும் தெரியாது.

எந்தப் பலகையும் தடுக்க இயலாதது

காற்றுக்கு விடை உண்டு. கடல் அரிப்புக்குப் பலகையில் விடை இல்லை. வலியதுறையில் கடல் கொண்ட வீடுகளை இழந்தோர் ஆண்டுக்கணக்கில் கிடங்குகளில் வாழ நேர்ந்ததை இந்நகரம் அறியும். கேரள அரசின் புனர்கேகம் திட்டம் அலையேற்ற எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் குடும்பங்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற, நிலத்துக்கும் வீட்டுக்குமாகக் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்குகிறது. அத்தொகைக்குள் கட்ட முனைவோருக்கு விரைவும் சிக்கனமும் தேவை. கூட்டுப் பலகை முறை கருதத்தக்கதாவது அதனால்தான். ஆனால் இடத்தேர்வே முதன்மை. அடித்தளத்தின் கீழிருந்து மணலைக் கடல் எடுத்துச் சென்றால், மேலேயுள்ள சங்கிலி எவ்வளவு உறுதியாயினும் பயனின்றிப் போகும்.

கடன் கோருமுன் கேட்க வேண்டியவை

முதலாவதாக, நுட்பத்துக்கு ஏற்பு உண்டா? நடுவண் அரசின் கட்டடப் பொருள் மற்றும் தொழில்நுட்ப ஊக்குவிப்புக் கழகமாகிய பி.எம்.டி.பி.சி., புதிய கட்டுமான முறைகளை ஆய்ந்து செயல்திறன் மதிப்பீட்டுச் சான்று வழங்குகிறது. அச்சான்றின் படியை விற்பனையாளரிடம் பெறுங்கள். எத்தனை தளம் வரை, எந்நிலையில் அம்முறை ஏற்கப்பட்டது என்பதை அதில் காணலாம். வங்கியின் மதிப்பீட்டாளருக்கும் அதுவே துணை.

இரண்டாவதாக, கட்டமைப்புப் பொறியாளரின் கையொப்பமிட்ட வரைபடம் உண்டா? அதில் காற்று வேகம் 39 மீட்டர் என்று எழுதியிருக்கிறதா? கூரைக்கும் சுவருக்கும், சுவருக்கும் பிளிந்த் பீமுக்கும் இடையிலான இணைப்புகள் தனியே வரையப்பட்டுள்ளனவா? பலகையின் விளம்பரத் தாளில் உள்ள வலிமை எண் இவ்வினாக்களுக்கு விடையாகாது.

மூன்றாவதாக, தவணை முறை பொருந்துமா? செங்கல் வீட்டுக்குரிய கடனை அடித்தளம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாக விடுவிப்பது வழக்கம். பலகை வீட்டில் பெருஞ்செலவு ஆலையில் முன்பணமாகவே நிகழ்கிறது. சுவர் சில நாட்களில் எழுந்துவிடுகிறது. ஆகையால் ஆலைக்கு முன்பணம் செலுத்துவதற்கு முன்பே கிளை மேலாளரைச் சந்தித்து, எந்த ஆவணத்தின் பேரில் எக்கட்டத்தில் தொகை விடுவிக்கப்படும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம்.

நான்காவதாக, மூடுமுன் பார்த்தீர்களா? அறைகளில் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கம்பிகளையும், பலகை பொருத்துவதற்கு முன் சட்டகத் திருகுகளையும் படமெடுத்து வையுங்கள். மூடிய பின் எவராலும் அவற்றைச் சரிபார்க்க இயலாது. பின்னாளில் வீட்டை விற்கும்போதும் அப்படங்கள் நம்பிக்கை தரும்.

ஐந்தாவதாக, காப்பீடு எடுத்தாயிற்றா? 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா என்னும் பொதுவான வீட்டுக் காப்பீடு, தீயோடு புயல், வெள்ளம் ஆகியவற்றால் நேரும் சேதத்தையும் உள்ளடக்குகிறது. காப்பீட்டுத் தொகையை மனையின் விலையைக் கொண்டு கணிக்கலாகாது. வீட்டை மீண்டும் கட்ட ஆகும் செலவே அதற்கு அளவு. சுவரும் கூரையும் எப்பொருளால் ஆனவை என்பதை விண்ணப்பத்தில் உள்ளபடியே குறிப்பிடுங்கள். தவறான குறிப்பு இழப்பீட்டு வேளையில் இடர் தரும்.

முடிவாக

பலகை புதியது, பாடம் பழையது. ஓலைக் குடிசை வேய்ந்தவரும் கூரையைக் கயிற்றால் வரிந்து தரையில் அடித்த முளையில் கட்டினர். அவர் கயிறு செய்த பணியையே இன்று வெற்றறைக்குள் இறங்கும் கம்பி செய்கிறது. செங்கல்லோ, கான்கிரீட்டோ, கூட்டுப் பலகையோ, எதனைத் தேர்ந்தாலும் கூரை முதல் அடித்தளம் வரை அந்தப் பிணைப்பு அறுபடாது செல்கிறதா என்ற வினாவைப் பொறியாளரிடம் கேளுங்கள். வரைபடத்தில் விரல் வைத்து அவர் அதனைக் காட்ட இயன்றால், அவ்வீட்டுக்குக் கடன் பெறுவதில் தயக்கம் வேண்டா. காட்ட இயலாவிட்டால், வீடு எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் காத்திருப்பதே சிக்கனம்.